ஊரடங்கில நாங்கள் வாசிச்சதும் கொழும்பில அவங்கள் கையெழுத்துப் போட்டதும்

உவர்மலைக்காற்று:

கொரோனாக் காலத்தைப் பற்றி இப்ப ஆரும் கதைக்கிறேல்ல. கதைச்சாலும் சூன்பாண் வண்டி (பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விக்கிற வண்டி), மாஸ்க், ஆவி பிடிச்சது எண்டு பகிடியாப் போயிடும். எனக்கு அந்தக் காலத்தில மனசில நிக்கிறது செய்தி வாசிச்ச விதம். அதைப் பற்றித்தான் இந்த இழை.

அப்ப நாங்கள் திருமலை (திருகோணமலை) டவுணுக்குள்ள ஒரு மாடிக் கட்டடத்தில வாடகைக்கு இருந்தம். வெள்ளவத்தை மாதிரி லிஃப்ட் வச்ச தொடர்மாடி எண்டு நினைக்காதையுங்கோ. ஒடுங்கின படிக்கட்டு, ஒரே தண்ணித் தாங்கி, ஒரே மோட்டர். கீழ புடவைக்கடை வச்சிருந்த முஸ்லிம் குடும்பம், நடுவில நேவிக்காரர் ஒருத்தரின்ர சிங்களக் குடும்பம், மேல நாங்களும் மாமாவும். மொட்டைமாடிக் கட்டில ஏறி நிண்டா பேக் பே கடல் தெரியும், மற்றப்படி பாக்கிறதுக்கு எதிர்ச் சுவர்தான். ஊரடங்கில மேலயிருந்து கயிறு கட்டின பையை இறக்குவன். கீழ வீட்டுப் பிள்ளை பாணை வச்சு, மிச்சக் காசை மறக்காமல் கடதாசியில சுத்தி வச்சு, கயிற்றை இரண்டு தரம் இழுக்கும்.

2020 மார்ச் 17, ஜனாதிபதி கோட்டாபய நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். மூண்டு வீட்டிலயும் ரீவி. ஒண்டில சிங்களம், இரண்டில தமிழ். பருப்புக் கிலோ 65 ரூபா, ரின்மீன் 100 ரூபா எண்டதும் படிக்கட்டு முழுக்கச் சந்தோசம். நேவிக்காரரின்ர மனிசி மேல வந்து எனக்குச் சொல்லிப்போட்டுப் போனா. அதுக்குப் பிறகு அந்த விலையில பருப்பைக் கண்ட கடை எங்கட தெருவில இல்லை. மார்ச் 20 பின்னேரம் 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. அதோட செய்தி எண்டா ஒரே கேள்வி: "இண்டைக்கு எத்தினை பேராம்?" மாமா துறைமுகத்தில வேலை செய்து பென்சன் எடுத்தவர். எண்ணிக்கையைக் கலண்டரில குறிச்சு வைப்பார்.

இப்ப விசயத்துக்கு வாறன். 2020 யூன் 2ஆம் திகதி ஒரு அதிவிசேட வர்த்தமானி (அரசாங்கம் தன்ர உத்தரவுகளைப் போடுற அறிவித்தல்) வந்தது. கிழக்கு மாகாணத்தில தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்ய ஜனாதிபதி செயலணி. தலைவர் பாதுகாப்புச் செயலாளர் கமால் குணரத்ன. நியமிச்ச உறுப்பினரில ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கன்னியா, தென்னமரவாடி, திரியாய் எண்டு ஒவ்வொரு இடத்திலயும் தொல்பொருள் இடம் எண்டு பிரச்சினை இருக்கிற மாவட்டம் எங்கட. அந்தக் கிழமை எங்கட கட்டடத்தில கதைச்சது என்ன தெரியுமோ? பஸ் எப்ப ஓடும், சலூன் எப்ப திறக்கும், மற்றது அந்த எண்ணிக்கை. பேப்பர் வாசிக்காமல் விடியாத மாமாவுக்கே செயலணியின்ர செய்தி கண்ணில படேல்ல. கனநாளுக்குப் பிறகுதான் அதைப் பற்றிக் கதை வந்தது.

தலைவர்மாரை நாங்கள் ரீவியில பார்த்த முகத்தையும் சத்தத்தையும் வச்சு எடை போட்டம், அவங்கள் கையெழுத்துப் போட்ட கடதாசியை ஒருத்தரும் வாசிக்கேல்ல எண்டதுதான் என்ர குற்றச்சாட்டு. உங்கட வீடுகளில எப்பிடி?

ஆறாம்கட்டை:

அக்கா, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், மீதியை ஏற்க முடியாது. நான் அந்த நேரம் களத்தில் நின்ற அரச உத்தியோகத்தன். 5000 ரூபாக் கொடுப்பனவு ஏப்ரலிலும் மே மாதத்திலும் வந்தது. ஜி.எஸ். (கிராம உத்தியோகத்தர்), சமுர்த்திக்காரர் (அரச நலத்திட்ட உத்தியோகத்தர்), நாங்கள் எல்லோரும் சேர்ந்து பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் திரிந்தோம். வெயிலில் மாஸ்க்குக்குள் மூச்சு முட்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர்களிடம் வாங்கிய ஏச்சு தனிக்கணக்கு.

2020 யூலை முடியும்போது இலங்கையில் கொரோனா மரணம் 11. அதே நேரத்தில் இத்தாலியில் 35,000ஐத் தாண்டிவிட்டது. உடனே முடிவெடுத்து, உடனே பூட்டினார்கள், அதற்குப் பலன் கிடைத்தது. அந்த நேரத்தில் வர்த்தமானி வாசிக்கவில்லை என்று சனத்தைக் குறை சொல்வது நியாயமா? உயிர்தானே முதல்.

இன்னொன்று. மார்ச் 2ஆம் திகதியே பாராளுமன்றத்தைக் கலைத்தாயிற்று. ஏப்ரல் 25இல் நடக்க வேண்டிய தேர்தல் யூன் 20க்குப் போய், பிறகு ஓகஸ்ட் 5க்குப் போனது. புதிய பாராளுமன்றம் கூடியது ஓகஸ்ட் 20. அந்த இடைவெளியில் செயலணி வர்த்தமானியை நீங்கள் வரிக்கு வரி வாசித்திருந்தாலும், எந்தச் சபையில் யார் எழும்பிக் கேட்டிருப்பார்கள்?

கிண்ணியாப்பாலம்:

11 மரணம் என்டு லேசாச் சொல்றீங்க. அந்தப் பதினொண்டுக்குள்ள எங்கட ஆக்களும் இருந்தாங்க. அவங்கள எரிச்சாங்க. மார்ச் முடிவில முதல் முஸ்லிம் ஜனாஸாவ (மையித்த) எரிச்சாங்க, எங்கட மார்க்கத்தில அடக்கத்தான் வேணும், ஏப்ரல் 11 வர்த்தமானியில அதையே சட்டமாக்கினாங்க. அடக்கலாம் என்டு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்த நேரம் அது.

உவர்மலை அக்கா, வர்த்தமானி வாசிக்கல்ல என்டு எங்களச் சொல்ல ஏலாது. கிண்ணியாவில சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். எங்கட வாப்பாக்கு அந்த வருசம் நவம்பர்ல காய்ச்சல். உம்மா அறைக்கதவப் பூட்டிக்கிட்டு, இருமுற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்கக்கூடாதென்டு ரேடியோவக் கூட்டி வச்சா. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். மவுத்தாகிறதுக்குப் பயமில்ல, மவுத்தானாக் கொண்டுபோய் எரிச்சிடுவாங்களே என்டுதான் பயம். அல்லாஹ்ட கிருபையால அது சும்மா காய்ச்சல். பரிசோதனைக்குப் போகாம ஒளிச்சிருந்த வீடு எத்தினையோ. நோயக் கட்டுப்படுத்துறம் என்டு சொல்லி நோயாளிய ஒளிய வச்ச சட்டம் அது. ஆறாம்கட்டை சேர், உங்கட பட்டியலுக்குள்ள இந்தக் கணக்கு வருமா?

டிசம்பர்ல கொழும்பு பொரளை கனத்தை மயான வேலியில சனம் இத எதிர்த்து வெள்ளைச் சீலை கட்டினாங்க, முஸ்லிம் மட்டுமில்ல, எல்லா ஆக்களும். அடக்க விட்டது 2021 பெப்ரவரி கடைசியில. அதுவும் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன கையோட, ஜெனீவாவில ஐ.நா. மனித உரிமை அமர்வு நடக்கிற நேரம். மார்ச் 5ல ஓட்டமாவடியில முதல் அடக்கம். நாட்டில எங்க மவுத்தானாலும் அங்கதான் கொண்டு போகணும், வீட்டாக்கள் ரெண்டு மூணு பேர்தான் போகலாம். 2024 யூலையில அமைச்சரவை மன்னிப்புக் கேட்டுச்சி. பேப்பர்ல சின்னப் பெட்டிச் செய்தி.

தலைமைத்துவம் என்டு எழுதுறீங்க, நம்மட தலைவர்களையும் சேத்து எழுதுங்க. ஜனாஸா எரிஞ்சிக்கிட்டிருக்கக்குள்ள, 2020 ஒக்டோபர் 22, ஜனாதிபதிக்கு அதிகாரத்தக் கூட்டிக் குடுத்த 20ஆம் திருத்தத்துக்கு முஸ்லிம் எம்.பி.மார் சிலரே கைய உயர்த்தினாங்க. அதையும் நாங்க வாசிச்சம். நல்லா வாசிச்சம்.

பேக்பே_பையன்:

ஐயோ, இழை இவ்வளவு கனமாப் போகும் எண்டு நினைக்கேல்ல. நான் அப்ப வெள்ளவத்தையில மாட்டுப்பட்டவன். கம்பஸ் பூட்டினதும் ஊருக்குக் கிளம்ப முதலே ஊரடங்கு. மூண்டு பெடியங்கள், இரண்டு அறை, ஆறாவது மாடி. எங்களுக்கு ஊரடங்கை எடுக்கவே மாட்டாங்கள், கொழும்பு அபாய வலயம். பிறகு அடையாள அட்டையின்ர கடைசி இலக்கத்தைப் பாத்து வெளிய விட்டாங்கள். திங்கள் எண்டா 1, 2, செவ்வாய் எண்டா 3, 4. எங்கட பிளட்டில மூண்டு பேருக்கும் ஒரே நாள் விழுந்தது, வேற என்ன சொல்ல.

செய்தி எண்டா எங்களுக்கு வட்ஸ்அப். மற்றது மீம். சுகாதார அமைச்சர் பானையில மந்திரிச்ச தண்ணியை ஆற்றில விட்டது, கொரோனாவுக்கு மருந்து எண்டு வந்த கேகாலைப் பாணிக்குச் சனம் இடிபட்டது, பாணி குடிச்ச அமைச்சருக்கே பிறகு கொரோனா வந்தது, எல்லாம் மீம் வழியாத்தான் எனக்குத் தெரியும். பேலியகொடை மீன்சந்தையில இருந்து தொற்றுப் பரவினதோட சனம் மீனைத் தொடப் பயந்ததில, முன்னாள் அமைச்சர் ஒருத்தர் ஊடகவியலாளருக்கு முன்னால பச்சை மீனைக் கடிச்சுக் காட்டினார். அதைப் பாத்து நான் சிரிச்சு உருண்டன். ஆனா அண்டைக்கு அப்பா திருக்கடலூரில இருந்து கோல் எடுத்து, வலை இழுத்த கூலிக்கும் மீன் போகுதில்லை எண்டார்.

உவர்மலை அக்காவிட்ட ஒரு கேள்வி. நாங்கள் சிரிச்சுக்கொண்டு பாத்த அந்த மீமுகள்தானே 2022இல காலிமுகத்திடல் போராட்டம் வரைக்கும் போனது? வர்த்தமானி வாசிச்ச ஆக்களாலயா கோட்டா போனவர்? லைன்ல நிண்டு காஸ் இல்லாமல் திரும்பின ஆக்களால போனவர். மே 9 மகிந்த பிரதமர் பதவியை விட்டார், அடுத்த நாள் விடிய ஹெலியில வந்து இறங்கினது எங்கட ஊர் கடற்படைத் தளத்தில! நான் அப்ப ஊரில. வாசலில சனம் கூடினதைப் பாக்கப் போனன். எவ்வளவோ வருசமா அந்த ரோட்டில எங்களைத்தான் மறிச்சு அடையாள அட்டை கேட்டவங்கள், அண்டைக்கு உள்ள இருந்தது ஆர் எண்டு பாருங்கோ.

உவர்மலைக்காற்று:

தம்பி, அதில இன்னொண்டும் இருக்கு. மகிந்த திருமலைத் தளத்திலதான் இருக்கிறார் எண்டு அடுத்த நாள் உறுதிப்படுத்திச் சொன்னது பாதுகாப்புச் செயலாளர். அதே கமால் குணரத்ன.

சிரிச்சு ஆளை அனுப்பினது உண்மை. யூலை 13 விடிய மாலைதீவு, 14 சிங்கப்பூர், ஈமெயிலில இராஜினாமா. ஆனா யூலை 20 பாராளுமன்றத்தில 134 வாக்கில வந்தது ஆர்? ரணில். ஆள் மாறினது, கன்னியாவில என்ன மாறினது?

கிண்ணியா தங்கச்சி, நீங்கள் சொன்னதை நேற்று இரவு இரண்டு தரம் வாசிச்சன். எங்கட கட்டடத்திலயும் கீழ்வீட்டுக்காரர் அந்த மாதங்களில பிள்ளைகளைப் படிக்கட்டுக்கே விடேல்ல. பாண் பையையும் அவர்தான் வந்து கட்டினவர்.

ஆறாம்கட்டைக்கு ஒண்டு. கொரோனா தடுப்புச் செயலணிக்குத் தலைவராப் போட்டது இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவை. அவர் அமெரிக்காவுக்குள்ள நுழையக்கூடாது எண்டு அவங்கள் தடை போட்டது 2020 பெப்ரவரி 14. அடுத்த மாதம் எங்கட வீட்டு ரீவியில ஒவ்வொரு இரவும் தொற்று எண்ணிக்கை வாசிக்கிறார். மாமா அவரின்ர முகம் வந்தா சத்தத்தைக் குறைச்சுப்போட்டு எண்ணிக்கையை மட்டும் பாப்பார். இதை உங்களுக்குப் "பலன் கிடைத்தது" எண்டு மட்டும் பாக்க முடியுதோ?

மாமாவின்ர வாசிப்பைப் பற்றி ஒரு சின்ன விசயம். அவர் பிபிசி தமிழோசையில வளர்ந்தவர். சண்டைக் காலத்தில இரவு ரேடியோவைக் காதோட வச்சுக் கேட்டவர். 2017 ஏப்ரல் 30 அந்த வானொலிச் சேவை நிண்டாப் பிறகு, பேப்பர்தான். 2006 சனவரி 2, டச்பே கடற்கரையடியில ஐந்து மாணவரைச் சுட்டுக் கொலை செய்தாங்கள். குண்டு வெடிச்சுச் செத்தவங்கள் எண்டு சொல்லப் பாத்த நேரம், தலையில வெடிபட்டதைப் படம் எடுத்துப் பேப்பரில வர வச்சது எங்கட ஊர் ஊடகவியலாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி வேலைக்குப் போற வழியில அவரையும் சுட்டாங்கள். அந்தப் பேப்பரை மாமா இண்டைக்கும் வச்சிருக்கிறார். செய்திக்கு இந்த ஊர் குடுத்த விலை தெரிஞ்ச மனிசன், ஊரடங்கில எண்ணிக்கையைக் குறிச்சுக்கொண்டு இருந்தவர். அதுதான் எனக்கு ஆறுதில்லை.

தம்பலகாமத்தான்:

நான் இஞ்ச அடிக்கடி எழுதுறவன் இல்லை. ஆனா வர்த்தமானி வாசிக்கோணும் எண்டு அக்கா சொல்ற இடத்தில சொல்லாமல் இருக்க ஏலாது.

நாங்கள் வாசிச்சம். 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி. இரசாயனப் பசளை, நாசினி இறக்குமதிக்குத் தடை. கமநல சேவை நிலையத்தில நிண்டு, பெரியாக்கள் நாலைஞ்சு பேருக்கு நானே வாசிச்சுக் காட்டினன். ஒருத்தருக்கும் விளங்காமல் இருக்கேல்ல. ஒரு கிழவர், படிப்பு வாசனை இல்லாத மனிசன், கந்தளாய்க் குளத்துத் தண்ணியில வாழ்நாள் முழுக்கச் செய்தவர், "தம்பி, இது பெரும்போகத்தில (மாரி வெள்ளாமையில) அடிக்கும்" எண்டார். அவ்வளவுதான் சொன்னார்.

அடிச்சது. நாற்று பச்சையா எழும்பி நிண்டது, பிறகு மஞ்சளிச்சுது. மட்டம் வெடிக்கிற (பயிர் கிளைக்கிற) நேரத்தில யூரியா இல்லை. சேதனப் பசளை (இயற்கை உரம்) தாறம் எண்டவங்கள், எங்களுக்குக் கிடைச்சதில பாதி கல்லும் பொலித்தீனும். சீனாவில இருந்து வந்த கப்பலில கெட்ட பக்டீரியா இருக்கு எண்டு திருப்பினாங்கள், பிறகு அந்தக் கொம்பனிக்கு 67 இலட்சம் டொலரும் கட்டினாங்கள். இந்தியாவில இருந்து நனோ நைதரசன் எண்டு போத்தலில ஒரு தண்ணி. நவம்பரில தடையை எடுத்தாங்கள். எடுத்த நேரம் யூரியா கறுப்புச் சந்தையில பவுண் விலை. கதிர் வந்தது, உள்ள பால் பிடிக்கேல்ல. ஏக்கருக்கு எடுக்கிற மூட்டையில அரைவாசிக்குக் கிட்டத்தான் எடுத்தன்.

நாங்கள் ரோட்டில இறங்கினம், அமைச்சரின்ர கொடும்பாவி எரிச்சம், சிங்கள ஊரில எங்களைவிடக் கூட எரிச்சாங்கள். வாசிக்காததில வந்த வினை எண்டு இதைச் சொல்லாதையுங்கோ அக்கா. வாசிச்சவன்ர சொல்லுக்கு அங்க காது இல்லை.

ஆறாம்கட்டை:

தம்பலகாமத்தான் சொன்னதை நான் அலுவலகத்திலிருந்தே பார்த்தவன். அதைப் பற்றி வாதாட எதுவும் இல்லை. கிண்ணியாச் சகோதரிக்கும் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தச் சட்டத்தை நான் எந்த நாளும் சரியென்று சொல்லவில்லை.

ஆனால் ஒரு விசயத்தில் என் கருத்து மாறாது. நாங்கள் கொழும்புத் தலைவர்களை மட்டும் இழுத்து வைத்துக் கதைக்கிறோம். ஜனாதிபதித் தேர்தலில், 2019இலும் சரி, 2024இலும் சரி, எங்கள் மாவட்டம் கூடுதலாக வாக்களித்தது சஜித் பிரேமதாசவுக்கு. வென்றது வேறு ஆட்கள். நாங்கள் தெரிந்தெடுக்காத தலைவரை எடை போட்டு என்ன ஆகப்போகிறது? நாங்கள் தெரிந்தெடுத்தவரைப் பற்றிக் கேளுங்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயா 1977இல் முதல்முறை பாராளுமன்றம் போனவர், 2015இல் எதிர்க்கட்சித் தலைவர், 2020 ஓகஸ்ட் தேர்தலில் 87 வயதில் திரும்பவும் வென்றார். 2024 யூன் 30இல் காலமாகும்வரை எம்.பி. அவர். கொரோனாக் காலம் முழுக்க எங்களுக்கென்று இருந்த தேசியத் தலைவர் அவர் ஒருவர்தான். அந்த வயதில் அவர் என்ன ஓடித்திரிய முடியும்? அடுத்தவரை ஏன் நாங்கள் தயார்படுத்தவில்லை?

உவர்மலைக்காற்று:

நியாயமான கேள்வி. பதில் மாமாவே சொல்லுவார்: அஞ்சு வருசம் வீட்டில இருந்து அவரைத் திட்டினம், தேர்தல் அண்டைக்குப் போய் அவரின்ர கட்சியின்ர வீட்டுச் சின்னத்துக்கே புள்ளடி போட்டம். வயசை மதிச்சம். வயசுக்கு மேல அவரிட்ட வேலை எதிர்பாத்தது எங்கட பிழையோ, அவரை விட்டா ஆள் இல்லை எண்டு வச்சிருந்தது கட்சியின்ர பிழையோ. எனக்கு இரண்டாவதுதான் பெரிசாத் தெரியுது. அவர் பேசின பேச்சில ஒரு தரம் இருந்தது, அதை மறுக்க மாட்டன். ஆனா செயலணி வந்த நேரத்தில ஊருக்குள்ள ஒரு கூட்டம் போட்டு விளங்கப்படுத்த ஒரு இளம் ஆள் இருந்திருந்தா, மாமா கலண்டரில வேற எதையாவது குறிச்சிருப்பார்.

தம்பலகாமத்தானுக்கு: வாசிச்சா மட்டும் போதும் எண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா 2025 மார்ச் 28 காணி வர்த்தமானியைப் பாருங்கோ. வடக்கில கிட்டத்தட்ட 5940 ஏக்கர், உரிமை கோராட்டி அரச காணியாகும் எண்டு வந்தது. யாரோ இருந்து வாசிச்சவங்கள். ஊர் ஊராக் கொண்டுபோய்ச் சொன்னவங்கள். பாராளுமன்றத்தில கேட்டு, உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், அந்த வருசமே அரசாங்கம் அதைத் திருப்பி எடுத்தது. பசளைக்கு உங்களுக்குப் பெரும்போகம் ஒண்டு போனது. இதுக்கு மூண்டு மாதம்.

பேக்பே_பையன்:

அந்த 5940 எனக்கும் மீமில வந்தது அக்கா, சும்மா சொல்லேல்ல. படத்துக்குக் கீழ வர்த்தமானி இலக்கத்தையும் போட்டிருந்தாங்கள், நான் போய்த் தேடிப் பாத்தன். ரெண்டும் சேரலாம்தானே?

சரி, எங்க எடுக்கிறது எண்டு ஆரும் கேக்க முதல் நானே சொல்றன். அரச அச்சகத் திணைக்களத்தின்ர இணையத்தளத்தில கிழமை வர்த்தமானி வெள்ளிக்கிழமையில வரும். அதிவிசேடம் எந்த நாளும் வரும், ஆபத்தானது அதுதான். மூண்டு மொழிக்கும் தனித்தனிக் கோப்பு. நான் எடுத்து இந்த இழையில போடுறன். வாசிச்சு விளங்கப்படுத்துறது பெரியாக்கள்.

கிண்ணியாப்பாலம்:

தமிழ்க் கோப்பு சிலநேரம் பிந்தித்தான் ஏறும். சிங்களத்தில முதல்ல வந்தா எனக்கு அனுப்புங்க, நான் வாசிப்பன். காணி, தொல்பொருள் என்டு வந்தா ஆறாம்கட்டை சேர் பாக்கட்டும், அலுவலக மொழி அவருக்குத்தான் விளங்கும். சேர், ஓடிடாதீங்க.

ஆறாம்கட்டை:

ஓடவில்லை. பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது, இன்னும் பென்சன் எடுக்கவில்லை.

தம்பலகாமத்தான்:

பசளை, நெல்லு விலை, தண்ணி எண்டு வந்தா எனக்குப் போடுங்கோ. ஆனா இந்தக் கிழமை ஏலாது, சிறுபோகத்துக்குக் குளம் திறக்கிற கூட்டம் இருக்கு. அதில எத்தினை ஏக்கருக்குத் தண்ணி எண்டு முடிவெடுக்கிறதும் ஒரு அரசாங்கம்தான், அங்கயும் ஆள் போய் இருக்கோணும்.